விழுந்தவர்கள் சொல்லும் நற்செய்தி

கேள்வி: தாவீது, பேதுரு என்று பைபிளின் பெருந்தலைவர்களே வழுக்கி விழுந்தவர்களாக இருக்கிறார்களே! அவர்கள் கதையைப் படித்தால் விசுவாசம் எப்படி வளரும்?

பதில்: விழாதவர் கதையைப் படித்தால் வியப்பு வரும். விழுந்து எழுந்தவர் கதையைப் படித்தால்தான் நமக்கும் எழத் தைரியம் வரும்.

தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை அபகரித்தார். அவனைப் போர்முனையில் சாகவிட்டார். தீர்க்கதரிசி நாத்தான், ஏழை ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். கொதித்தெழுந்த ராஜா, அந்தப் பணக்காரன் தானே என்று தெரிந்ததும் நாத்தானின் தலையைக் கேட்கவில்லை. தன் தலையைத் தாழ்த்தினார். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரலாற்றில் பத்சேபாள் இன்றும் உரியாவின் மனைவியாகவே குறிக்கப்படுகிறாள். மன்னிப்பு வரலாற்றை அழிப்பதில்லை.

பேதுரு கரிநெருப்பருகே நின்று இயேசுவை மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு, இன்னொரு கரிநெருப்பருகே, தம்மேல் அன்பு உண்டா என்று அவரிடம் மூன்று முறை கேட்டார்; தம் மந்தையையும் அவரிடமே ஒப்படைத்தார்.

தாவீதின் பாவத்தைச் சாக்காகக் காட்டாதீர்கள். அவர் மனந்திரும்பியதைப் பின்பற்றுங்கள்.