ஈனுலையும் கேள்வி நேரமும்

கேள்வி: கல்பாக்கம் ஈனுலைக்குக் கொட்டிய பணத்துக்கு நாடாளுமன்றத்தில் யாராவது கணக்குக் கேட்டதுண்டா? (ஒரு வாசகர், திருக்கழுக்குன்றம்)

பதில்: கேட்காமலா? கேட்டார்கள், பதிலும் வந்தது. கெடு ஆண்டுதான் மாறிக்கொண்டே போனது. 2003-ல் அனுமதி கிடைத்தபோது மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். 2010-ல் முடியும் என்றார்கள். தொகை 5,677 கோடியாகி, அதையும் தாண்டியது. உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான். பக்கத்து மாமல்லபுரத்தில் பல்லவர்கள் பாதியில் விட்ட குடைவரைகளைக் காட்டித் தப்பிக்க முடியாது. நரசிம்மவர்மன் காலத்தில் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. கிடையாது.

தாமதத்துக்காக மட்டும் விஞ்ஞானிகளைத் திட்ட எனக்கு மனமில்லை. திரவ சோடியத்தால் குளிர்வித்து 500 மெகாவாட் எடுப்பது விளையாட்டல்ல. பிரான்ஸ் தன் சூப்பர்ஃபீனிக்ஸ் ஈனுலையையும் ஜப்பான் தன் மோஞ்சு ஈனுலையையும் இழுத்தே மூடிவிட்டன. ஆனால் ஏன் தாமதம் என்று வரி கட்டுகிறவருக்கு விளக்கமாகச் சொல்லலாமே? 'ரகசியம்' என்று கதவடைக்க 1962-ம் ஆண்டு அணுசக்திச் சட்டம் தாராளமாக இடம் தந்தது.

ஈனுலைக்கு மட்டுமல்ல, மற்ற ஆராய்ச்சிப் பணத்துக்கும் இதே கேள்விதான். 2023-ல், ஆராய்ச்சிக்கு நிதி தர, தேசிய ஆராய்ச்சி நிறுவன மசோதா வந்தது. ஐந்தாண்டில் 50,000 கோடி. அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வருமாம் (வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்). மக்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறிவிட்டது. சி.ஏ.ஜி. தணிக்கை உண்டு, சரி. தணிக்கையாளர் ரசீதைப் பார்ப்பார். ஆராய்ச்சி தேறியதா என்று சொல்ல அந்தத் துறை தெரிந்தவர் வேண்டும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க நாடாளுமன்ற நிலைக்குழு ஏற்கெனவே இருக்கிறது. டீ செலவுகூடப் புதிதாக ஆகாது.