நோட்டும் நோட்டீஸும்

கே: பெங்களூரில் டீக்கடை, பேக்கரியெல்லாம் ‘யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்’ என்று ஒட்டினார்களே, ஏன்?
(வாசகர், அல்சூர்)

ப: 2025 ஜூலை சமாச்சாரம். யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிகவரித் துறை, ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் விட்டது. பொருள் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம், சேவை என்றால் 20 லட்சம். தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆனால் மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் அதே போனில்தான் ‘டிங்’ என்று விழுகிறது. காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பதும் க்யூஆர் அட்டைக்குத் தெரியாது. அட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

கே: பிறகு?

ப: பால் விற்க மாட்டோம், 25-ஆம் தேதி கடையடைப்பு என்றார்கள். காலையில் காபி இல்லாத பெங்களூரை எந்த அரசு தாங்கும்? 23-ஆம் தேதியே முதல்வர் சித்தராமையா கூப்பிட்டுப் பேசினார். பழைய பாக்கிக்கு நெருக்க மாட்டோம், பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று சமாதானமானது.

கே: வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டியதுதானே?

ப: கட்டட்டும். ஒன்றரைக் கோடி வரை விற்கும் கடை 1 சதவீதம் கட்டினால் போதும் என்று ‘காம்போசிஷன்’ திட்டமே இருக்கிறது. அதைத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு, நோட்டீஸை அப்புறம் அனுப்பியிருக்கலாம்.

கே: பத்து நிமிடத்தில் எல்லாம் வீட்டுக்கே வரும்போது மூலைக்கடை எதற்கு?
(வாசகி, ஜெயநகர்)

ப: மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுக்கும் ஆப் எதுவென்று சொல்லுங்கள், நானும் போட்டுக்கொள்கிறேன். வீட்டுச் சாவியை வாங்கி வைத்து, வேலைக்கார அம்மா வந்ததும் கொடுக்கிற ஆப் என்றால் இன்னும் விசேஷம்.

கே: ஊரெல்லாம் அய்யங்கார் பேக்கரி. ஒரே முதலாளியா?

ப: இல்லவே இல்லை. 1898-இல் எச்.எஸ். திருமலாச்சார் சிக்பேட்டையில் தொடங்கிய பி.பி. பேக்கரிதான் முன்னோடி. ஹாசன் பக்கத்து அய்யங்கார்கள் சொந்தக்காரர் கடையில் வேலை கற்று, ஆளுக்கொரு பேட்டையில் தனிக்கடை போட்டார்கள். போர்டில் பெயர் ஒன்று, கல்லா வேறு வேறு. ஹெட் ஆபீஸ் என்று ஒன்று இருந்திருந்தால் வரித் துறைக்குத் தபால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

கே: கன்னடம் தெரியாமல் இங்கே சாமான் வாங்க முடியுமா?

ப: ‘எவ்வளவு’ என்று கேட்க ‘எஷ்டு?’ போதும். கடன் சொல்ல மட்டும் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும்.