கலை இயக்கம்: போர்த்துக்கேயர்

எந்த வருஷத்துப் படங்கள் சிறந்தவை என்று யாரையும் கேட்டுப் பாருங்கள். தனக்கு மீசை அரும்பிய வருஷத்தைத்தான் சொல்லுவார். அந்தக் குற்றச்சாட்டு என்மேல் வரக்கூடாது என்பதற்காக, நான் பிறப்பதற்கு முந்திய ஒரு வருஷத்தைத் தெரிவுசெய்தேன்: 1962. காணாத காலத்தைப் பற்றி நீ எப்படிக் கதைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரேயொரு பதில். இராவணனைப் பற்றி எழுதியவர்கள் எவரும் அவனோடு இருந்து தேத்தண்ணி குடித்தவர்கள் இல்லை. நானாவது வாடகைக்கு டெக் எடுத்து, கோடு விழுந்த கசெட்டில் படங்களைப் பார்த்தவன்.

முதலில் நாட்டு நடப்பு. 1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு பொலிஸ், இராணுவ, கடற்படை அதிகாரிகள் சிலர் சேர்ந்து ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார்கள். கதை பலமானது, நட்சத்திரப் பட்டாளமும் பெரியது. ஆனால் கதை முன்கூட்டியே வெளியே கசிந்துவிட்டது. முதல் காட்சிக்கு முன்னமே முக்கிய நடிகர்கள் கைதானார்கள். வெளிவராமலே பேர் வாங்கிய இலங்கைப் படம் அது ஒன்றுதான்.

திருகோணமலை அப்போது இளைப்பாறிக்கொண்டிருந்தது. பிரித்தானியக் கடற்படை 1957இலேயே மூட்டை கட்டிவிட்டது. சீனக்குடாக் காட்டுக்குள் எண்ணெய்க் குதங்கள் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றன. வாலிப வயதில் இங்கே வந்துபோன நெல்சன், உலகத்திலேயே நல்ல துறைமுகம் இதுதான் என்று மெச்சியதாகச் சொல்லுவார்கள். அவர் பெயரில் எங்கள் ஊரில் ஒரு தியேட்டர் உண்டு. கடற்படைத் தளபதிக்கு இதைவிட உருப்படியான நினைவுச்சின்னம் லண்டனில்கூட இல்லை என்பது என் கருத்து.

இனிப் பட்டியல். கீழிருந்து மேலே போவோம்.

ஆறாவது இடம் ஒரு படத்துக்கு அல்ல, ஓர் எழுத்துக்கு. 1962இல் தமிழ் சினிமாவை ஆண்டது சிவாஜியும் இல்லை, எம்.ஜி.ஆரும் இல்லை. ‘ப’. இயக்குநர் ஏ. பீம்சிங் அந்த எழுத்துக்கு நேர்த்திக்கடன் வைத்தவர் போல, ஒரே வருஷத்தில் ‘பார்த்தால் பசி தீரும்’, ‘படித்தால் மட்டும் போதுமா’, ‘பந்த பாசம்’ என்று மூன்றைக் கொடுத்தார். ‘செந்தாமரை’ எப்படி நடுவில் தப்பியது என்று விசாரிக்க வேண்டும். நோய் தொற்றி மற்றவர்களும் ‘பாத காணிக்கை’, ‘பாசம்’, ‘பலே பாண்டியா’ என்று எடுத்துத் தள்ளினார்கள். நான் தெரிவுசெய்வது ‘பார்த்தால் பசி தீரும்’. அதிலே சின்னப் பையன் கமல்ஹாசனுக்கு இரட்டை வேடம். பாற்பல் விழும் வயதில் ஒரு வேடம் போதாது என்று நினைத்த ஒருவர் பிறகு பத்து வேடம் வரைக்கும் போனதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

ஐந்தாவது, ‘தாயைக் காத்த தனயன்’. சாண்டோ சின்னப்பா தேவரின் தயாரிப்பு. எம்.ஜி.ஆர் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் அவர்மேல் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் இந்தக் கதைக்கு அசல் உரிமை எங்கள் ஊர்க் கோணேசர் கோயில் மலைக்கே உரியது. இராவணனுடைய தாய்க்கு உடம்பு சரியில்லை, கோயிலுக்கு வரமுடியவில்லை. மற்றப் பிள்ளைகள் என்றால் விபூதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்திருப்பார்கள். இவன் மலையையே பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று வாளை ஓங்கினான். மலை பிளந்ததே தவிர அசையவில்லை. இராவணன் வெட்டு என்று அதை இன்றைக்கும் காட்டுகிறோம். அதற்குள் தாய் போய்விட்டாள் என்ற செய்தி வந்தது. ஈமக்கடனுக்காகக் கன்னியாவில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு வெந்நீர்க் கிணறு வந்தது. தாயைக் காக்க முடியாத தனயனின் கதை இது. எம்.ஜி.ஆர் இதை ஒருநாளும் நடித்திருக்க மாட்டார். அதே வருஷம் ‘பாசம்’ படத்தில் அவர் கடைசியில் செத்துப்போனதையே ரசிகர்கள் மன்னிக்கவில்லை. இராவணன் நல்ல நடிகன். கிளைமாக்ஸில் தோற்க அவனுக்குத் தயக்கம் இருந்ததில்லை.

நான்காவது, ‘பலே பாண்டியா’. என் பெரியப்பா இந்த இடத்தில் குறுக்கிட்டார். அவர் சிவாஜி கட்சி.

“என்னது, நாலாவதோ? சிவாஜி மூன்று வேஷம், எம்.ஆர். ராதா இரண்டு வேஷம். மொத்தம் ஐந்து பேருக்கு நாலாமிடமோ? உனக்கென்ன விசரே?”

“பெரியப்பா, இரண்டு கிழமைக்குள்ளே சுட்டு முடித்த படம் என்கிறார்கள்.”

“அதுதானே பெருமை! மனுசன் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. நயாகராவிலே அவரை ஒருநாள் மேயராக வைத்தவங்கள். தெரியுமோ?”

தெரியும். பி.ஆர். பந்துலு அவசரத்தில் எடுத்த படம், ஆற அமர எடுத்த பல படங்களைவிட நன்றாக இருக்கிறது. சிவாஜியும் ராதாவும் கச்சேரி செய்யும் அந்தப் பாட்டில், ஒரு மேதை பாடகராக நடிப்பதும், இன்னொரு மேதை அவரைப் பாடவிடாமல் பார்த்துக்கொள்வதும் இன்றைக்கும் சலிப்பதில்லை. ஆனாலும் நாலாவது இடம்தான். பெரியப்பா அதற்குப் பிறகு அன்று என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாவது, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஸ்ரீதர் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் முழுப்படத்தையும் முடித்தார். வின்சென்டின் கமெரா கட்டிலுக்கு மேலும் கீழுமாக அலைந்து, செட் சின்னது என்பதே தெரியாமல் பண்ணிவிட்டது. நோயாளி முத்துராமன், அவர் மனைவி தேவிகா, அவளுடைய முன்னாள் காதலன் டாக்டர் கல்யாண்குமார். கடைசியில் நோயாளி பிழைக்கிறார், டாக்டர் செத்துப்போகிறார். உலக மருத்துவ வரலாற்றில் இப்படி ஒரு சிகிச்சை வேறெங்கும் பதிவாகியிருக்காது.

இதற்கும் எங்கள் மலையில் ஒரு பழைய பிரதி இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துப் பெண் பிரான்சினா வான் ரீட், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்து மலை உச்சியிலிருந்து குதித்தாள் என்பது கதை. 1687 என்று வருஷம் பொறித்த தூணும் நிற்கிறது. ஆனால் ஒல்லாந்தர் பதிவேடுகளைத் தோண்டியவர்கள், அதற்குப் பிறகும் அந்த அம்மணி உயிரோடு இருந்து கலியாணமும் முடித்தார் என்கிறார்கள். ஸ்ரீதருக்கு இது தெரிந்திருந்தால் டாக்டரையும் பிழைக்கவிட்டிருப்பார்.

இரண்டாவது இடம் ‘சமுதாயம்’. நான் பார்க்கவில்லை. பிடித்த படம் என்றால் பார்த்திருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அதை இந்த ஒரு முறை தளர்த்துகிறேன். காரணம், இலங்கையில் எடுக்கப்பட்ட முதல் தமிழ்ப் படம் அது. 16 மில்லிமீற்றர் பிலிம், 1962. இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ 1947இல் வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். ஆக, சிங்களவருக்குப் படம் எடுத்துக் கொடுத்தது தமிழன், தமிழருக்குப் படம் எடுத்துக் கொடுத்தது சிங்களவன். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பாராளுமன்றம் கொட்டகை வாசலில் நின்றாவது கவனித்திருக்கலாம்.

இனி முதலாவது இடம். கோடம்பாக்கத்துக்காரர் மன்னிக்க வேண்டும். படம் சிங்களப் படம், எடுத்தவர் வெள்ளைக்காரர், கதாநாயகன் எங்கள் கடல். ‘ரன்முத்து தூவ’.

இந்தப் படத்துக்கான செட் வேலை 1622இல் தொடங்கியது. கலை இயக்குநர், போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. சித்திரைப் புத்தாண்டு நாள், சாமி ஊர்வலம் ஊருக்குள் போயிருந்த நேரம், போர்த்துக்கேயர் பிராமணர் வேஷம் போட்டுக்கொண்டு கோணேசர் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். கன்னத்தில் மரு ஒட்டியிருந்தார்களா என்பதற்குச் சான்று இல்லை. கோயிலை இடித்தார்கள். கல்லில் ஒரு பங்கு கோட்டை கட்டப் போனது, மிச்சம் கடலுக்குள் போனது. அந்தக் கோட்டைதான் பிறகு பிரெட்றிக் கோட்டையாகி, இன்றைக்கு நாங்கள் கோணேசரைக் கும்பிடப் போகும் வழியாகவும் இருக்கிறது. ஆயிரங்கால் மண்டபம் ஒன்றைக் கடலடியில் நிர்மாணிக்க ஏவிஎம் எவ்வளவு செலவழித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே முழுச் செலவும் லிஸ்பன் கணக்கு. செட் ஊறித் தயாராக 340 வருஷம் பிடித்தது, அவ்வளவுதான்.

பட்டர்கள் புத்திசாலிகள், சில விக்கிரகங்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டிருந்தார்கள். 1950இல் கிணறு வெட்டியவர்களுக்குத் தண்ணீருக்கு முன் சாமி கிடைத்தது. கடலுக்குள் கிடந்ததை எடுக்க வேறு ஆட்கள் வரவேண்டியிருந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறினார். கூட வந்தவர் மைக் வில்சன், சுழியோடி, படப்பிடிப்பாளர். இருவரும் கோணேசர் மலையடியில் குதித்தார்கள். கிளார்க் விண்வெளிக் கதை எழுதுகிறவர். மேலே போவதற்கு அப்போது வசதி இல்லாததால் கீழே போனார் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே செதுக்கிய தூண்களும் கற்களும் கிடந்தன. சிவபூசைக்காரர் மூன்று நூற்றாண்டாகக் கரையில் நின்று கும்பிட்டதை, சாமியே கும்பிடாத இரண்டு ஆங்கிலேயர் தொட்டுப் பார்த்தார்கள்.

வில்சனுக்குப் படம் எடுக்கும் ஆசை. கிளார்க்கிடம் பணம். கடலுக்கடியில் புதையல் தேடும் கதை. கதாநாயகன் காமினி பொன்சேகா, கூட ஜோ அபேவிக்கிரம, ஜீவராணி குருகுலசூரிய. இசை அமரதேவ. நந்தா மாலினி என்ற இளம்பெண் பாடினார், பிறகு நாடே அவரைக் கேட்டது. முதல் முழுநீள சிங்கள வண்ணப் படம். அதே வருஷப் பொங்கலுக்குச் சென்னையில் வண்ணத்தில் ‘கொஞ்சும் சலங்கை’ வந்திருந்தது. அதில் காருகுறிச்சியாரின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி போட்டி போட்ட பாட்டு என் காதுக்குள் இன்னும் கிடக்கிறது. ஆனால் நிறம் என்று வந்தால் பட்டுப்புடவையை விடக் கொட்டியாரக் குடாவின் நீலம்தான் எனக்கு.

இன்னொரு விஷயம். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1961இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் திருமலைக் கச்சேரி வாசலுக்கும் வந்தது. அடுத்த வருஷமே எங்கள் கோயில் கற்களைச் சுற்றி ஒரு சிங்களப் படம். எரிச்சல்பட்டிருக்க வேண்டிய ஊர்தான். ஆனால் படத்தின் உயிரான காட்சிகள் தண்ணீருக்குள் நடக்கின்றன. தண்ணீருக்குள் எவராலும் எந்த மொழியும் பேச முடியாது, குமிழி மட்டும்தான் வரும். அரசகரும மொழிச் சட்டம் செல்லுபடியாகாத ஒரே இலங்கைப் பிரதேசத்தை வில்சன் கண்டுபிடித்திருந்தார். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத ஒருவர் அந்தக் காட்சிகளை முழுதாக விளங்கிக்கொள்ளலாம்.

படம் பெரும் வெற்றி. ஆனால் நான் இதற்கு முதலிடம் கொடுப்பது அந்த வசூலுக்காக அல்ல. இதில் நடித்தவரும் எடுத்தவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் கதாநாயகன் முதலமைச்சர் ஆனது பெரிய செய்தி. காமினி பொன்சேகா 1979இல் ‘சருங்கலே’ படத்தில் நடராஜா என்ற தமிழ் எழுதுவினைஞராக நடித்தார். பிறகு பாராளுமன்றம் போனார். 1995இல் வடக்கு கிழக்கு மாகாண ஆளுநராக, புதையல் தேடிய அதே திருகோணமலைக்கே வந்து சேர்ந்தார். கடலடியில் கிடைக்காத புதையலைக் கோப்புகளுக்குள் தேடிப் பார்த்திருப்பார் போலும். வில்சனுடைய கதை அதைவிடப் பெரியது. அவர் 1967இல் ஜேம்ஸ் பொண்டைப் பகிடி பண்ணி ‘சொறுங்கெத் சொறு’ எடுத்தார். பிறகு கமெராவையும் கலியாணத்தையும் விட்டுக் கதிர்காமக் கந்தனிடம் சரணடைந்து, சுவாமி சிவகல்கி ஆனார். கோணேசருடைய கல்லைத் தொட்டவனை மகன் பிடித்துக்கொண்டான் என்று ஊரில் யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. 1963 மார்ச்சில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கும் நடந்தது. ஒரு படம் வந்த கையோடு அதன் லொக்கேஷனுக்கே கும்பாபிஷேகம் நடந்தது வேறெந்தப் படத்துக்காவது உண்டா?

பெரியப்பாவிடம் இதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். தாடையைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. ஆனால் சிவாஜியை அந்தக் கடலுக்குள்ளே இறக்கியிருந்தால், மனுசன் தண்ணிக்குள்ளே நின்றே இரண்டு பக்க வசனம் பேசியிருப்பார். கரையிலே நிக்கிறவனுக்கும் கேட்டிருக்கும்.”

இதை மறுக்க என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை.