ஆட்டுத் தாடியின் அடக்க விலை: பெங்களூரு ராஜ் பவனை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆட்டுக்குத் தாடியும் நாட்டுக்கு கவர்னரும் எதற்கு என்று அண்ணா கேட்டது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேடைக்கு மேடை அந்தக் கேள்வி ஒலித்திருக்கிறது, கைதட்டலும் வாங்கியிருக்கிறது. ஆயினும் ஆய்வு நோக்கில் அதில் ஒரு குறை உண்டு. அது பயனைப் பற்றிய கேள்வி, விலையைப் பற்றியதன்று. தாடியால் ஆட்டுக்கு என்ன லாபம் என்று ஆளாளுக்குக் கேட்டார்களே தவிர, தாடி வளர்க்க ஆட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளில் முதல் இயலிலேயே 'ஆய்வு இடைவெளி' என்று ஒன்று தவறாமல் வரும். அது இதுதான். அவ்விடைவெளியை நிரப்பப் பெங்களூருவைக் களமாகக் கொண்டது என்னை எனின், இங்கே சட்டமன்றம் கூடும் விதான சௌதாவும் ஆளுநர் மாளிகையான ராஜ் பவனும் நடை தூரத்தில் இருக்கின்றன. ஆட்டையும் தாடியையும் ஒரே பார்வையில் காணும் வசதி ஆய்வாளனுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. நாடெங்கும் ராஜ் பவன்களை லோக் பவன் என்று அழைக்கும்படி 2025 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் எழுதியது. பெயர்ப்பலகைச் செலவு இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால் பழைய பெயரே இங்கு ஆளப்படுகிறது.

முதலில் சம்பளம். 1950-இல் அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை ஆளுநருக்கு மாதம் 5,500 ரூபாய் என்று விதித்தது. 2018-இல் அது 3.5 லட்சமாக உயர்ந்தது. ஆண்டுக்கு 42 லட்சம். கேட்ட மாத்திரத்தில் மூச்சு வாங்கும்தான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தின் மக்கள்தொகை 6.11 கோடி. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆண்டுக்கு ஏழு பைசாவுக்கும் சற்றுக் குறைவு. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமற் போய்விட்டன. ஆகவே ஒரு கன்னடக் குடிமகன் தன் ஆளுநருக்கு ஆண்டுதோறும் தரும் தொகையை இந்தியக் குடியரசின் எந்த நாணயத்தாலும் தர இயலாது. முழு ஐந்தாண்டுக் காலத்துக்கும் சேர்த்தாலும் 34 பைசாதான். ஐம்பது பைசா நிரம்புமுன் ஆளுநர் மாறிவிடுவார். தர்ஷினி என்னும் நின்றுண்ணும் கடையில் ஒரு காபி பதினைந்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஈடான தொகையை ஆளுநருக்குக் கட்டி முடிக்க ஒருவருக்கு 218 ஆண்டுகள் ஆகும். பெங்களூரு வழக்கப்படி ஒரு காபியை இருவர் பகிரும் பை-டூ வாங்கினால் 109. இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். 2025-26க்கு சித்தராமையா தாக்கல் செய்த பட்ஜெட் 4,09,549 கோடி ரூபாய். அதில் ஆளுநர் சம்பளம் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாய்க்கு ஒரு ரூபாய். சிக்கனம் பேசுகிறவர்கள் இந்த ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு தொங்குவது கணித அறிவுக்கு இழுக்கு.

அற்றேல் அஃதாக, சம்பளம் மட்டுந்தானா செலவு, மாளிகை இல்லையா, தோட்டம் இல்லையா, சமையற்காரர், காவலர், குடியரசு தினத் தேநீர் விருந்து எல்லாம் யார் கணக்கு எனின், அதுவும் நம் கணக்குதான். வாடகையில்லா வீட்டுக்கு 158ஆம் உறுப்பு வழிசெய்கிறது. மற்றச் சலுகைகளுக்கு 1982-இல் தனிச் சட்டமே வந்தது. ஆளுநர் அலுவலகச் செலவு மாநிலத் தொகுப்பு நிதியின் மேல் நேரடியாகச் சுமத்தப்படுவது. சட்டமன்றத்தில் அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. இதைக் குறை என்பார் உளர். சிறுகச் சிறுகப் பேசியே தீராத சபைகளில் வாக்கெடுப்பு இல்லாத ஒரு தலைப்பாவது மிஞ்சியிருப்பது நேர மிச்சம் என்பது நம் கருத்து. நிலத்தைப் பற்றிய குற்றச்சாட்டு இன்னும் கனமானது. மைசூர் கமிஷனராக இருந்த மார்க் கப்பன் 1840களின் தொடக்கத்தில் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு இது. இருப்பதோ ஹைகிரவுண்ட்ஸில், ஏக்கர் கணக்கில். பெங்களூருவில் நிலத்தை அளக்கும் அலகு முப்பதுக்கு நாற்பது சைட் என்பதை வாசகர் அறிவர். ஏக்கருக்கு முப்பத்தாறு சைட் தேறும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பெருமூச்சு விடாத தரகர் இந்நகரில் இருக்க முடியாது. ஆனால் இதே நகரின் பிற்காலக் கணக்கையும் பார்க்க வேண்டும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. ஆளுநர் குடியிருப்பதால் மட்டுமே சில நூறு மரங்கள் லேஅவுட் ஆகாமல் தப்பின என்றால், அது செலவுப் பத்தியில் எழுத வேண்டியதன்று, வரவுப் பத்தியில் எழுத வேண்டியது. போதாக்குறைக்கு, உயர்நீதிமன்ற வளாகத்தில் குதிரைமேல் அமர்ந்திருந்த கப்பன் சிலையும் 2020-இல் கப்பன் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. தம் பெயர் கொண்ட பூங்காவில் அவர் இப்போது சும்மா அமர்ந்திருக்கிறார். சம்பளம் இல்லை, அறிக்கை அனுப்புவதில்லை, எதிலும் கையெழுத்திடுவதும் இல்லை. அலங்காரப் பதவியின் இலக்கணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இந்நகரில் வேறில்லை.

வரலாற்றையும் ஒருமுறை புரட்டிவிடுவது முறை. 1799 ஒப்பந்தப்படி மைசூர் மகாராஜாவின் சொந்தச் செலவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. 1831-இல் கம்பெனி ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டபின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் தசரா நடத்தினார், நாட்டைப் பெங்களூருவிலிருந்து கமிஷனர் நடத்தினார். அதாவது அன்று அலங்காரம் மைசூரில், அலுவல் ஹைகிரவுண்ட்ஸில். வராகன் ஒன்றுக்கு மூன்றரை ரூபாய் என்பது சென்னை மாகாணத்தின் மாற்று விகிதம். அப்படியானால் அந்த ஒரு லட்சம் வராகன், ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். இன்று ஆளுநருக்கு மாதத்துக்கு அதே தொகை. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் பன்னிரண்டு மடங்கே விலையேறிய பண்டம் அரிசியன்று, தங்கமன்று, பெங்களூரு வீட்டு வாடகை நிச்சயமாக அன்று. இடையில் விலை ஒருமுறை உச்சத்தைத் தொட்டதுண்டு. 1950-இல் ஜெயசாமராஜ உடையார் மைசூரின் ராஜப்பிரமுகர் ஆனபோது அவருக்கு மன்னர் மானியம் ஆண்டுக்கு 26 லட்சம். 1956 நவம்பரில் ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்தது. அவரே ஆளுநர் ஆனார், பின்னர் 1964-இல் சென்னைக்கும் ஆளுநராக வந்தார். மன்னர், ராஜப்பிரமுகர், ஆளுநர் என்று மூன்று பட்டங்களையும் ஒரே ஆள் அணிந்து பார்த்ததில், கடைசிப் பட்டத்துக்கென வைத்த ஆண்டுச் சம்பளம் வெறும் 66,000 ரூபாய் என்பது தெளிவாகிறது. குடியரசு அலங்காரத்தை மலிவாக்கியிருக்கிறது. அரசியல் நிர்ணய சபையின் நோக்கமும் மலிவுதான். ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்றுதான் வரைவு முதலில் இருந்தது. அதிகாரமே இல்லாத ஒருவருக்காக ஒரு தேர்தல் நடத்திக் காலமும் உழைப்பும் பணமும் விரயமாக்க வேண்டுமா என்ற வாதத்தை 1949 மே மாத விவாதத்தில் அம்பேத்கர் எடுத்துவைத்தார். நியமனமே போதும் என்று சபை முடிவு செய்தது. ஆக, ஆளுநர் நியமிக்கப்படுவதற்கு ஒரு காரணம் சிக்கனம்.

இதுவரை சொன்னதால் ஆளுநர் பதவிக்கு வக்காலத்து வாங்குவதாக வாசகர் எண்ண வேண்டாம். இவ்வாய்வின் கருதுகோள் இனிமேல்தான் வருகிறது: அலங்காரப் பதவி அலங்காரமாக இருக்கும்வரை செலவில்லை, அது வேலை செய்யத் தொடங்கும் நாளில்தான் செலவு தொடங்குகிறது. சான்றுகள் இரு திசையிலும் உள. 2014 ஜூன் இறுதியில் எச்.ஆர்.பரத்வாஜ் ஓய்வுபெற்ற பிறகு, வஜுபாய் வாலா வரும்வரை இரண்டு மாதம் தமிழக ஆளுநர் ரோசய்யாவே கர்நாடகத்தையும் கூடுதலாகக் கவனித்துக்கொண்டார். அந்த இரண்டு மாதத்தில் விதான சௌதாவின் கூரை இடிந்து விழவில்லை, காவிரியும் திசை மாறி ஓடவில்லை. இரண்டு மாநிலத்துக்கு ஒருவரே ஆளுநரானால் சம்பளத்தை இரண்டு மாநிலமும் பங்கிட்டுக்கொள்ள 158(3அ) வழிவிடுகிறது. தாடிக்கும் தள்ளுபடி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மறுதிசைச் சான்று 1989 ஏப்ரல். எஸ்.ஆர்.பொம்மை அரசுக்கு ஆதரவை விலக்கிக்கொள்வதாகப் பத்தொன்பது எம்எல்ஏக்களின் கடிதங்கள் ஆளுநர் பெ.வெங்கடசுப்பையாவிடம் போயின. அவர்களில் ஏழு பேர் உடனே மறுத்தனர். சபையைக் கூட்டிப் பெரும்பான்மையை நிரூபிக்கிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார். 21ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சபையில் தலை எண்ண அதிகம் போனால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ராஜ் பவனில் எண்ணியது தவறு என்று சொல்ல உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கு 1994 மார்ச் 11 வரை ஆயிற்று. அதற்குள் பொதுத்தேர்தல் முடிந்து வேறு கட்சி ஆட்சிக்கு வந்து முதல்வர்களே மாறிவிட்டார்கள். ஐந்தாண்டு வழக்குச் செலவும் கலைந்த சபையின் விலையும் ஆளுநரின் சம்பளப் பட்டியலில் எங்கும் வராது.

ஒரு நிகழ்வை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்பவருக்கு 2018 மே. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து எண்ணிக்கை காட்டின. வாலா 104 இடம் பெற்ற பாஜகவின் எடியூரப்பாவை அழைத்துப் பதினைந்து நாள் அவகாசமும் தந்தார். உச்ச நீதிமன்றம் நள்ளிரவு தாண்டிக் கூடி விடியும்வரை வழக்கைக் கேட்டது. 17ஆம் தேதி காலை ராஜ் பவன் கண்ணாடி மாளிகையில் பதவியேற்பு, 19ஆம் தேதி மாலை ராஜினாமா, 23ஆம் தேதி விதான சௌதா படிக்கட்டில் குமாரசாமிக்குப் பதவியேற்பு. ஒரே வாரத்தில் இரண்டு பந்தல், இரண்டு பந்தோபஸ்து. இடையிலே எம்எல்ஏக்களை ஏற்றிக்கொண்டு பிடதிக்கும் ஹைதராபாத்துக்கும் பேருந்துகள் ஓடின. 1989-இல் டெல்லியில் காங்கிரஸ், 2018-இல் பாஜக. ஆகவே இது கட்சியின் குணமன்று, வேலை கிடைத்த அலங்காரத்தின் குணம். தமிழ்நாட்டுச் சான்று வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 முதல் சேர்ந்த மசோதாக்கள் கிண்டி ராஜ் பவனில் படுத்துறங்கின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கொள்ள வழியில்லை, காலக்கெடு விதிக்கவும் முடியாது என்று கருத்துச் சொன்னது. கையெழுத்துப் போடாமல் இருப்பதும் சும்மா இருப்பதுதானே என்று ஒரு தர்க்கவாதி மடக்கக்கூடும். அன்று. போட வேண்டிய கையெழுத்தைப் போடாதிருப்பது கடும் உழைப்பு. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அதைச் செய்தாக வேண்டும்.

மறுப்பாளரின் கடைசி ஆயுதம், ஆளுநர் இல்லாவிட்டால் மாநிலம் தறிகெட்டுப் போகும் என்பது. ஜெர்மனியின் பதினாறு மாநிலங்களில் ஆளுநர் என்று ஒருவரும் இல்லை. அங்கே மாநில முதல்வர்களே கொடியும் ஏற்றி ஆட்சியும் நடத்துகிறார்கள். நம்மிடமும் அந்த வேலையில் பாதி ஏற்கெனவே கைமாறிவிட்டது. கருணாநிதி கேட்டு வாங்கிய உரிமையால் 1974 முதல் ஆகஸ்ட் 15 அன்று முதல்வர்கள் கொடியேற்றுகிறார்கள், ஆளுநருக்கு ஜனவரி 26 மட்டுமே மிச்சம். எதிர்த்துருவத்துக்கு இலங்கையைப் பார்க்கலாம். அங்கே ஒன்பது மாகாண சபைகளின் காலமும் 2019க்குள் முடிந்துவிட்டது. தேர்தல் இன்றுவரை இல்லை. ஆளுநர்கள் மட்டும் ஒன்பது மாகாணத்திலும் இருக்கிறார்கள். ஆடு போய்த் தாடி மட்டும் நடமாடும் அரிய உயிரியல் நிலை அது. பாதுகாப்புக்காக வைத்த பதவி எதைப் பாதுகாக்கிறது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்துக்காரரிடம் விடை கேட்டுக்கொள்ளலாம்.

இனிப் பரிந்துரை. கோயில் கணக்கில் 'சும்மா இருக்கும் சாமியாருக்குப் பட்டைச் சோறு ஒன்று' என்று எழுதியிருப்பதைக் கண்டு வெகுண்ட அதிகாரி, தாமும் ஒரு நாழிகை சும்மா உட்கார்ந்து பார்த்து, முடியாமல் எழுந்து, சாமியாருக்கு இரண்டு பட்டையாக உயர்த்தினார் என்று ஒரு கதை நம்மிடையே உண்டு. நிர்வாகவியலில் அதைவிட நல்ல முன்னுதாரணம் இக்கட்டுரையாளனுக்குக் கிடைக்கவில்லை. ஆளுநர் சம்பளத்தை ஏழு லட்சமாக்கலாம். ஐந்தாண்டுக்கும் சேர்த்துக் கன்னடக் குடிமகனுக்குத் தலைக்கு 69 பைசா ஆகும், தாங்குவார். தோட்டத்துக்குக் கேட்டதைக் கொடுக்கலாம், தேநீர் விருந்தில் வடையோடு பாதாம் அல்வாவும் சேர்க்கலாம். மசோதாவை நிறுத்திவைத்தாலோ, எண்ணாத பெரும்பான்மையை அழைத்தாலோ மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றால், பதவிக்காலத்தில் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்று 158(4) குறுக்கே நிற்கிறது. ஆகவே பிடித்தம் வேண்டாம். கூடுதல் மூன்றரை லட்சத்தை மாதாமாதம் கொடுக்காமல் சேர்த்துவைத்து, ஐந்தாண்டும் கோப்பை உறங்கவிடாமல், அறிக்கை எழுதாமல் இருந்து முடித்தவருக்குக் கடைசி நாளில் மொத்தமாக வழங்கலாம். கணக்குப்படி 2.1 கோடி. 2018 மே மாதத்தின் அந்த ஒரு வாரத்தோடு ஒப்பிட்டால் மலிவு. உறுப்பு 158 குறைப்பதைத்தான் தடுக்கிறது, கூட்டுவதைத் தடுக்கவில்லை. நாடாளுமன்றம் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினால் போதும்.