மைலும் அரைப்பேரும்

கேள்வி: அம்மா குவைத்துக்குப் போய்வந்ததில் சேர்ந்த விமான மைல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு இலவச டிக்கெட் கேட்டால் டிசம்பருக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை என்கிறார்கள். கிடைத்த ஒரு நாளுக்கும் வரி கட்டச் சொல்கிறார்கள். இது என்ன இலவசம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: கொழுந்து நிறுத்த கைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்லவே! கூடை நிறையப் பறித்தாலும் தராசில் கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான். மைலும் அப்படித்தான். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய மைல் திட்டத்தின் வழியில்தான் மற்றவர்களும் போகிறார்கள். காசுக்கு விற்காமல் மிஞ்சும் என்று கணக்கிட்ட சீட்டுகளையே பெரும்பாலும் மைலுக்கு ஒதுக்குவார்கள். ஊரே திரும்பும் பண்டிகையில் எது மிஞ்சும்? விமான நிலைய வரி பெரும்பாலும் தனி. மலிவு டிக்கெட்டில் பறந்த தூரத்துக்கு முழு மைலும் சேராது.

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுப் போன தாயின் பயணம் அது. அதில் சேர்ந்ததை வீணாக விடக் கூடாது. பண்டிகை இல்லாத மாதத்தில், நடுவாரத்தில் கேளுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுதாகவும் மைல் கணக்கில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் முதலில் திருத்துங்கள். மைல்களின் காலாவதித் தேதியை இன்றிரவே பார்த்துவிடுங்கள், தங்கச்சி.