ஓசிக் காற்று

மணியாச்சி என்றால் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு நாள்தான் தெரியும்: 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் உட்கார்ந்திருந்த ரயில்பெட்டியில் ஏறி வாஞ்சிநாதன் சுட்ட நாள். மற்ற நாட்களில் இங்கே என்ன நடக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். காற்றடிக்கும்.

வைகாசி கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, ஆவணி தாண்டும்வரை கரிசலைப் புழுதியாக அள்ளி வீசும். தை, மாசியில் களத்தில் கம்பும் சோளமும் தூற்ற அய்யா சொளகோடு நின்று வானத்தைப் பார்க்கும்போது இலைகூட அசையாது. யாருக்கும் வேண்டாத ஆடியில் வந்து கூரையைப் பிரித்துப் போடும். அன்றைக்கு அதற்கு ஆற்றல் என்றெல்லாம் பெயர் கிடையாது. சனியன் என்றுதான் சொல்வோம்.

ஆற்றல் என்பது அடுப்பில் இருந்தது. பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிக் கட்டி வைத்த பருத்திமார், எருவாட்டி, ஸ்டேஷன் பக்கம் நீராவி எஞ்சின் உதிர்த்துவிட்டுப் போன கரிச்சில்லு. சீமைக்கருவை காட்டை நிறைத்த பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது.

இந்த அடுப்பைத் திருத்தத்தான் முதல் ஆராய்ச்சி எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நாடு முழுக்கப் புகையில்லா அடுப்பு கொடுக்கும் திட்டம் 1983-இல் தொடங்கியது. எங்கள் தெருவுக்கும் கொத்தனார் வந்தார். இரண்டு கண், ஒரு புகைபோக்கி. கணக்குப்படி அருமையான அடுப்பு. ஆனால் அதன் வாய் வெட்டிய விறகுக்கு அளவெடுத்தது. முழ நீளப் பருத்திமாரை அதற்குள் எப்படித் திணிப்பது? அம்மா ஒருநாள் அருவாமணையால் வாயைக் கொத்திப் பெரிசாக்கிவிட்டாள். புகை பழையபடி வீட்டுக்குள் வந்தது.

அதற்கு முன்பே ஒருமுறை பார்வையிட வந்தவர் கேட்டார், “புகை போகுதாம்மா?”

“போகுதுய்யா. மாட்டுக்கொட்டத்துக்குப் போகுது. கொசு இல்ல. இங்கதான் கூரையில கரையான் ஏறுது.”

அவர் நோட்டில் ‘திருப்தி’ என்று எழுதிக்கொண்டார். கூரையில் புகை படிந்தால் கரையான் அண்டாது என்பது அம்மாவின் பாடத்திட்டத்தில் உண்டு, அவருடையதில் இல்லை. 2002-இல் திட்டமே முடிந்துபோனது. அம்மாவுக்கு விடிவு வந்தது அதற்கப்புறம் வந்த கேஸ் அடுப்பில்தான். அதில் எங்கள் ஊருக்கென்று யாரும் எதையும் ஆராயவில்லை.

மண்ணும் அப்படியே. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வாய் பிளக்கும். நான் படித்த வகுப்பறைச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. ஆற்றல் அழிவின்மை விதியை வாத்தியார் நடத்தும்போது நாங்கள் அதன் வழியாகத் தூத்துக்குடி ரயில் வருகிறதா என்று பார்ப்போம். இதற்கான மருந்தை, அடியில் குமிழ்போல் பருத்த கான்கிரீட் தூண் அஸ்திவாரத்தை, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு வெகுகாலம் முன்பே உருவாக்கியிருந்தது. ரூர்க்கியிலிருந்து மணியாச்சிக்கு நேர் ரயில் இல்லை போலும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் 1901-இலிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது கொடுத்த விதைகளுக்கு ‘கே’ என்று இனிஷியல் உண்டு. கே 11 கருங்கண்ணிப் பருத்தியை யாரும் எங்களுக்குப் பிரசங்கம் செய்து விற்கவில்லை. இந்த மண்ணிலேயே போட்டுப் பார்த்த விதை. சம்சாரி வாங்கினான், விதைத்தான்.

காற்றுக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரைப் பக்கம் மாட்டுவண்டிச் சக்கரத்தில் மூங்கிலைக் கட்டி, துணிப்பாய் விரித்து, காற்றால் தண்ணீர் இறைத்துக் காட்டினார். சென்னையில் முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்திய சி.வி.சேஷாத்ரி வேறொரு வம்பு செய்தார். ‘டெவலப்மெண்ட் அண்ட் தெர்மோடைனமிக்ஸ்’ என்று 1982-இல் எழுதி, ஆற்றலை அளக்கும் சூத்திரமே ஒருபக்கச் சாய்வு என்றார். அந்தக் கணக்கில் கொதிகலனுக்கு மதிப்பு அதிகம். கடல் நீரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்துவந்து மானாவாரிக் காட்டில் கொட்டும் பருவமழைக்கு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அது சூடே இல்லாமல் வேலையை முடித்துவிடுகிறதல்லவா? எங்கள் அய்யாவுக்கு இது புரிந்திருக்கும். பொறியாளர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

1986-இல் தூத்துக்குடிப் பக்கம் மின்சாரம் எடுக்கும் 55 கிலோவாட் காற்றாலை இயந்திரங்கள் நின்றன. பிறகு டென்மார்க் உதவியோடு கயத்தாற்றில். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் காற்றாலை ஊரானது. 1998-இல் சென்னையில் உருவான காற்றாலை மையம், இன்றைய தேசிய காற்று ஆற்றல் நிறுவனம், தன் சோதனை நிலையத்தை அங்கேதான் வைத்தது. ஒரு இயந்திரத்தைச் சும்மா நம்பமாட்டார்கள். பக்கத்தில் கம்பம் நட்டு, காற்று எவ்வளவு வேகத்தில் அடித்தபோது எவ்வளவு மின்சாரம் வந்தது என்று அளந்து, வரைந்து பார்ப்பார்கள். இறக்கையின் அதிர்வுவரை அளப்பதுண்டு. இன்று ஒரே இயந்திரம் 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது. அஸ்திவாரத்துக்கு முன் துளைபோட்டு மண்ணெடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் மண் முதன்முதலாகப் பரீட்சை எழுதியது பள்ளிக்கூடத்துக்காக அல்ல, இறக்கைக்காக.

2012 மின்வெட்டில் கரிசல் கிராமங்கள் பாதிநாள் இருட்டில் கிடந்தன. தலைக்கு மேலே இறக்கை சுற்றும், கீழே மெழுகுவத்தி. பெரிய வயர் எங்கோ போகிறது, சின்ன வயர் எங்களுக்கு. இப்போது எங்கள் தெருப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காற்றாலைக் கோபுரம் ஏறுகிறான், குஜராத்தில். இங்கேயே ஏறலாமே என்றேன். “இங்க வேலை இல்ல சித்தப்பா, காத்துதான் இருக்கு” என்றான்.

ஆக, சனியனுக்கு யூனிட் விலை வந்துவிட்டது. சேஷாத்ரி கேட்ட கேள்வியில் பாதிக்குப் பதில் கிடைத்தது. மழைக்கு இன்னும் மீட்டர் வரவில்லை. இரண்டு ஆராய்ச்சிக்கும் என் தீர்ப்பு எளிது. அடுப்பில் எத்தனை கொடுத்தோம் என்று எண்ணினார்கள். காற்றாலையில் என்ன கிடைத்தது என்று அளந்தார்கள். அடுத்து எதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களானாலும் ஆடியில் ஒருமுறை வாருங்கள், தையில் ஒருமுறை வாருங்கள். கொடுத்துவிட்டுப் போன மறுவருஷமும் வந்து, அடுப்பங்கரைக்குள் தலையை நீட்டிப் பாருங்கள்.