மேப்பிள் இலையும் சிப்பிப் பலகாரமும்: வாவிக்கரைப் பருவப் பண்டங்கள் பற்றிய பூர்வாங்க ஆய்வு

இவ்வாய்வின் மூல ஆவணம் ஒரு வட்ஸ்அப் படம். சென்ற ஐப்பசியில் ரொறன்ரோவிலிருந்து என் மருமகள் அனுப்பியது. வெள்ளைத் தட்டொன்றில் 12 சீனிப் பிஸ்கட்டுகள்: 7 மேப்பிள் இலை, 3 பூசணிக்காய், 2 அணில். இலைகளின் மேல் சிவப்பும் செம்மஞ்சளுமாக ஐசிங். நரம்புகள்கூட மயிரிழைத் தடிப்பில் தங்கநிறமாக ஓடின. அணிலொன்றின் வால் உடைந்திருந்தது. ஆய்வு நேர்மை கருதி அதையும் பதிவு செய்கிறேன். படத்துக்குக் கீழே ஒரு வினா: "மாமா, அங்கயும் இலையெல்லாம் சிவந்திட்டுதா?"

மட்டக்களப்பு வாவிக்கரையில், எங்கள் கல்லடியில், அன்று மூன்றாம் நாள் அடைமழை. சிவந்திருந்தவை தடிமன் பிடித்த என் கண்கள் மட்டுமே. எனினும் வினா வினாதான். புலமையுலகம் இதுவரை இதைத் தொடாதிருந்தது வியப்பளிக்கவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் சொல்லாராய்ச்சி. ஒல்லாந்த மொழியில் 'கூக்' என்றால் கேக் வகை. 'குக்யே' என்றால் அதன் குட்டி. ஒல்லாந்தர் அமெரிக்காவில் வைத்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாமை 1664இல் ஆங்கிலேயர் பிடித்து நியூயோர்க் ஆக்கினார்கள். ஊர் கைமாறியது, சொல் வாயிலேயே நின்று 'குக்கி' ஆயிற்று. நமது கொக்கிஸ் பலகாரமும் அந்தக் குக்யேயின் வழிவந்ததே என்பர் சொல்லறிஞர். இனி வரலாறு. 1602 மே மாதம் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் வந்திறங்கியது மட்டக்களப்பில். போர்த்துக்கேயர் 1628இல் அங்கே புளியந்தீவில் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் பத்தே ஆண்டில், 1638 மே மாதம் பறித்துக்கொண்டனர். ரொறன்ரோவோ 1793இல்தான் யோர்க் என்ற பெயரில் பிறந்தது. ஆக, குக்கி விடயத்தில் புளியந்தீவுக்கு 155 ஆண்டு மூப்பு. மருமகள்தான் மாமாவிடம் கேட்டுச் செய்திருக்க வேண்டும்.

கொக்கிஸ் அரிசிமாவிலும் தேங்காய்ப்பாலிலும் செய்வது, அச்சை அதில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது, வெதுப்பிக்குள் போகாதது, சீனி பூசாதது, அதை எப்படிக் குக்கி என்பது என்று மறுப்பாளர் கேட்பர். நியாயமான கேள்வி. அடுத்த பகுதிக்குப் போவோம்.

பருவம். தமிழருக்குப் பருவம் ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மழை, குளிர், பனி, வெயில் எல்லாவற்றுக்கும் இடமிருக்கிறது, இலைக்கு மட்டும் இல்லை. 'இலையுதிர்காலம்' பள்ளிக்கூடப் புத்தகத்தில் குளிர்தேசப் படத்தின் கீழே நாம் எழுத்துக்கூட்டி வாசித்த சொல். நம் மரங்கள் இலை கொட்டாமலில்லை. வேம்புக்கு ஒரு காலம், அரசுக்கு ஒரு காலம் என்று தத்தம் வசதிப்படி கொட்டுகின்றன. கொட்டுமுன் இலையை மேப்பிள் போலவே சிவக்கவைப்பது நான் கண்டவரை நாட்டு வாதுமை ஒன்றுதான். ஒரு மரம் சிவந்தால் பருவமாகிவிடுமா? அதுவும் எந்த மாதத்தில்? ஐப்பசி மழைக்கு வாவியின் அக்கரையில், படுவான்கரையில், மாரி வேளாண்மைக்கு விதைப்பு நடக்கிறது. (நெற்பயிரையே வேளாண்மை என்று சொல்லும் ஊர் எங்களுடையது.) ரொறன்ரோ சிவக்கிற கிழமைகளில்தான் படுவான்கரை பச்சை பிடிக்கிறது. இங்கே பருவ பிஸ்கட் என்று ஒன்று செய்தால் அதற்குப் பச்சை ஐசிங்தான் பூசவேண்டும்.

இம்முடிபை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இலை கொட்டினதெண்டா அது எழுபத்தெட்டுச் சூறாவளிக்குத்தான் மனே," என்றார். 1978 நவம்பர் 23. ஓரிரவில் மரத்தில் இலையில்லை, பல இடங்களில் மரமே இல்லை. அதைப் பற்றிப் பகிடியாக எழுத எனக்குக் கை வராது. குறிப்பேட்டை மூடிவிட்டு, மருமகளின் இலையை நானே செய்துபார்க்கும் சோதனைக்குப் போனேன்.

சோதனைக்கூடம் எங்கள் குசினி. கோதுமை மா, மாஜரின், ஐசிங் சீனி, முட்டை, வனிலா. கனேடியக் கொடியில் 1965 பெப்ரவரி 15 முதல் பறக்கும் இலைக்கு 11 முனை. காட்போட் மட்டையில் அந்த 11ஐயும் வெட்டி, மாவின்மேல் வைத்துக் கத்தியால் கீறினேன். மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் இறுக வைத்துவிட்டுத்தான் வெட்டவேண்டுமாம். இதை நான் பிறகு அறிந்தேன். குசினிச் சூட்டிலேயே மாஜரின் இளகியது. வெதுப்பியிலிருந்து வெளியே வந்த இலைக்கு 5 முனை, அதிலும் இரண்டு சந்தேகத்துக்குரியவை. பக்கத்து வீட்டுப் பெடியன் எட்டிப் பார்த்து, "மரவள்ளி இலையா மாமா?" என்றான். அவனை ஆய்வுக் குழுவில் சேர்க்கவில்லை.

ஐசிங் இன்னும் பெரிய கதை. முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் அடித்த அந்தக் கலவை, தன்னிலுள்ள நீரைக் காற்றுக்குக் கொடுத்துத்தான் இறுகும். மாரியில் வாவிக்கரைக் காற்று நீரை வாங்கும் நிலையில் இல்லை. தன்னிடமுள்ளதை எங்கே இறக்கிவைப்பது என்று அதுவே அலைகிறது. பின்னேரம் பூசிய சிவப்பு அடுத்தநாள் விடியலிலும் விரலில் ஒட்டியது. நரம்பாக இழுத்த மஞ்சள் சிவப்புக்குள் கரைந்துபோயிருந்தது. "என்ன மனே, சுவருக்குச் சாந்து பூசிறியா?" என்று கேட்டபடி அம்மா தாச்சியை அடுப்பில் வைத்தார்.

சிப்பிப் பலகாரத்துக்கு அவர் எடுத்த கருவி ஒரு புதுச் சீப்பு. கோதுமை மாவில் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, சின்ன நெல்லிக்காய் அளவில் உருட்டினார். உருண்டையைச் சீப்பின் பற்களில் வைத்துப் பெருவிரலால் அமர்த்தி ஓர் இழுப்பு. மா தட்டையாகி, ஓரத்தில் சுருண்டு, முதுகில் வரிவரியாக ஒரு சிப்பி கழன்று சுளகில் விழுந்தது. நான் ஓர் இலையை வெட்டி முடிக்குமுன் சுளகில் நாற்பது கிடந்தன. தேங்காயெண்ணெயில் பொரித்தெடுத்து, தடித்த சீனிப்பாகில் கொட்டி, ஆற ஆறக் கிளறினார். பாகு மங்கி, வெளுத்து, வரிகளுக்குள் மட்டும் உப்புப் பூத்தாற்போல் படிந்தது. நீரை அடுப்பிலேயே விரட்டியாயிற்று. காற்றின் தயவு எதற்கு?

சிப்பி உருவம் தற்செயலா? 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவி நீருக்கடியில் இசை கேட்டதாக எழுதினார். உலகம் அதைப் பாடும் மீன் என்றது. அன்றைய மீன்பிடிகாரரோ பாடுவது ஊரி, அதாவது சிப்பிக்கு உறவான நத்தை, என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாடுவது எது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. ஆனால் பலகாரக்காரர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு எங்கள் வீட்டுச் சுளகே சான்று. மீன் உருவில் பலகாரம் செய்ய யாரும் மினக்கெடவில்லை. நிலவு நாளில் துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால்தான் அந்தப் பாட்டுக் கேட்கும், மழைக்காலத்தில் கேட்காது, ஆகவே அது கூதிருக்குரிய உருவம் அல்ல என்ற ஆட்சேபம் வலுவானது. அதை நான் எழுப்பியபோது அம்மா, "மறுகா பாப்பம், முதல்ல தின்னு," என்றார்.

தகரப் பேணியில் அடைத்த சிப்பிகள் பத்து நாளாகியும் மொறுமொறுப்பு விடவில்லை. என் இலைகள் மூன்றாம் நாளே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே இலையாகிவிட்டன. கோழிகள் அதை ஆட்சேபிக்கவில்லை.

ஆய்வு முடிபைத் தெரிவிக்கும் முகமாக, சுளகில் பரப்பிய சிப்பிகளைப் படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். அங்கே விடிந்ததும் பதில் வந்தது: "நல்ல வடிவு மாமா! இது என்ன மரத்து இலை?"